குளம் யாருக்கு? மீன் யாருக்கு?

குளம் வெட்டியவர் யார் என்று கேட்டால் நம் பள்ளிப் பிள்ளைகள் பளிச்சென்று விடை சொல்வார்கள். கரிகாலன் என்பார்கள், சோழன் என்பார்கள், பாண்டியன் என்பார்கள். பாடநூல் அப்படிப் பழக்கியிருக்கிறது. அந்தக் குளத்தால் பாசனம் பெற்றவர் யார் என்று கேட்டாலும் விடை வரும், உழவர் என்பார்கள். ஆனால், அந்தக் குளத்தின் நீரிலே இறங்கி, இடுப்பளவு சேற்றிலே நின்று, வலை வீசி, வந்த மீனை விற்று, அந்தக் காசிலே அன்றன்றைக்கு அடுப்பெரித்தவர் யார் என்று கேட்டுப் பாருங்கள். வகுப்பறை வாயடைத்துப் போகும். வரலாற்று ஏடும் வாயடைத்துத்தான் கிடக்கிறது!

மன்னன் பெயரைக் கல் சொல்கிறது. கொடை கொடுத்தவன் பெயரைச் செப்பேடு சொல்கிறது. வலை வீசியவன் பெயரை எது சொல்கிறது? அவனிடம் வாங்கிய வரியின் பெயர் மட்டும் கல்லிலே இருக்கிறது. ஆளை மறந்த வரலாறு, அவன் கட்டிய வரியை மட்டும் மறக்கவில்லை. இந்த ஒரு செய்தியை விளங்கிக்கொண்டால் போதும், தோழர்களே! குளத்து மீனின் வரலாறு நமக்கு முழுதும் விளங்கிவிடும்.

கொங்கு நாட்டிலே இருந்துகொண்டு மீனைப் பற்றி எழுதுவதா என்று சிலர் சிரிக்கக்கூடும். கடல் எங்கே, கோவை எங்கே என்பார்கள். கடல் இல்லைதான், ஆனால் குளம் இருக்கிறது. வெள்ளியங்கிரி மலையிலே பிறந்து, கோவை, திருப்பூர் வழியே ஓடி, காவிரியிலே கலக்கும் நொய்யலாறு இருக்கிறது. அந்த ஆற்றின் குறுக்கே அணைகள் கட்டி, வாய்க்கால் வெட்டி, வெள்ள நீரைக் குளங்களுக்குத் திருப்பி, ஒரு குளம் நிரம்பினால் அடுத்த குளத்திற்கு நீர் செல்லுமாறு சங்கிலிபோல் அமைத்துவிட்டார்கள் முன்னோர். சோழர் காலந்தொட்டு வளர்ந்த அமைப்பு இது என்பது ஆய்வாளர் கருத்து. சித்திரைச்சாவடி அணை, குனியமுத்தூர் அணை, குறிச்சி அணை, வெள்ளலூர் அணை, சிங்காநல்லூர் அணை என்று இன்றும் அவற்றின் பெயர்கள் வழங்குகின்றன. உக்கடம் பெரியகுளம் ஏறத்தாழ 320 ஏக்கர். சிங்காநல்லூர்க் குளம் ஏறத்தாழ 288 ஏக்கர். வாலாங்குளம், குறிச்சிக் குளம், செல்வசிந்தாமணி, கிருஷ்ணாம்பதி, செல்வாம்பதி, சூலூர்க் குளங்கள் என்று பட்டியல் நீளும்.

நிலமற்றவனின் நிலம்

வயலிலே நெல் விளைய வேண்டுமென்றால் நிலம் வேண்டும், நிலத்திற்குப் பட்டா வேண்டும், ஏர் வேண்டும், எருது வேண்டும். இவை எதுவும் இல்லாதவன் இந்த நாட்டிலே எப்படிப் பிழைப்பது? கூலிக்குப் போகலாம். கூலியும் இல்லாத நாளிலே? அந்த நாளிலே அவனுக்குத் திறந்திருந்த ஒரே வயல், குளம். அங்கே உழவு இல்லை, விதைப்பு இல்லை. மழை பெய்தால் வெள்ளத்தோடு மீன் ஏறி வரும். கெண்டை வரும், கெளுத்தி வரும், விரால் வரும், குரவை வரும். சேற்றுக்குள்ளே ஆரால் இருக்கும். ஒரு வீச்சு வலையும், மூங்கிலிலே பின்னிய பறியும், கொஞ்சம் துணிவும் இருந்தால் போதும். நிலமற்றவனுக்கு நிலமாக நின்றது இந்த நீர்ப்பரப்புத்தான்.

இந்தத் தொழில் ஒரு குடும்பத்தை எப்படித் தாங்குகிறது என்பதைச் சற்று நெருங்கிப் பார்க்க வேண்டும். மாலை மயங்கும் வேளையிலே பரிசலில் ஏறிச் சென்று செவுள் வலையை நீரிலே விரித்துவிட்டு வருகிறான் மீனவன். பல இடங்களில் மனைவியும் உடன் செல்கிறாள். அவள் துடுப்புப் போடுவாள், அவன் வலை விடுவான். விடியுமுன் எழுந்து போய் வலையை எடுக்கிறார்கள். சிக்கிய மீனைக் கழற்றுவதும், பெரிது சிறிதாகப் பிரிப்பதும், கரையிலே அமர்ந்து விலை பேசி விற்பதும் பெரும்பாலும் பெண்ணின் வேலை. பகலிலே கிழிந்த வலையைத் தைப்பது வீட்டுப் பெரியவர் வேலை. ஆக, வலையிலே இறங்குவது ஒருவன் கை என்றாலும், உழைப்பது ஒரு வீடு முழுவதும்.

வருவாயோ பெரிதன்று. பிடித்த மீனிலே குத்தகைக்கு ஒரு பங்கு போகும். மீன்குஞ்சு விட்ட கணக்கிற்கு ஒரு பங்கு போகும். வலைக்கு நூல் வாங்க வேண்டும். பரிசலுக்குப் பழுது பார்க்க வேண்டும். எஞ்சியதுதான் வீட்டிற்கு. ஆனால், அந்த எஞ்சியதிலே ஒரு சிறப்பு இருக்கிறது. வேளாண்மைக் கூலி விதைப்புக்கும் அறுப்புக்கும் மட்டுமே வரும். இடையிலே பல மாதம் வெறுமை. குளத்து மீனோ நீர் உள்ள நாளெல்லாம் சிறுகச் சிறுகக் காசு தரும். அறுவடைக் கூலியை எதிர்பார்த்துக் கடன் வாங்கும் வீட்டிற்கும், அன்றாடம் அரிசி வாங்கும் அளவுக்குக் கையிலே காசு புரளும் வீட்டிற்கும் உள்ள வேற்றுமையை ஏழை அறிவான். வட்டிக்கு விடுபவன் இன்னும் நன்றாக அறிவான்!

விற்காத மீனுக்கும் மதிப்பு உண்டு. சந்தைக்குத் தகாத சிறு மீன், முள்ளோடும் தலையோடும் குழம்பாகிறது. கொங்கு நாட்டு ஏழையின் உணவு நெடுங்காலம் கம்பும் சோளமும் கேழ்வரகும். தானியத்திலே குறைவாக உள்ள புரதக் கூறு மீனிலே நிறைய இருக்கிறது என்றும், முள்ளோடு மென்று தின்னும் சிறு மீன் எலும்புக்கு வேண்டிய சுண்ணாம்புச் சத்தைத் தருகிறது என்றும் உணவு அறிவியல் இன்று சொல்கிறது. களியோடு மீன் குழம்பைச் சேர்த்துப் பிள்ளைக்கு ஊட்டிய தாய் அந்த நூலைப் படித்ததில்லை. ஆனால் அவள் கை செய்தது அறிவியல் ஒப்புகிற செயல்தான்.

பாண்மகளும் பாசிப்பாட்டமும்

இந்தப் பிழைப்பு நேற்றுத் தோன்றியதா? இல்லை. ஐங்குறுநூற்றின் மருதப் பகுதியைப் புரட்டிப் பாருங்கள். அங்கே பாண்மகள் ஒருத்தி வருகிறாள். வட்டியிலே மீனைக் கொண்டுவந்து உழவர் வீட்டிலே சொரிகிறாள். அந்த வீட்டுப் பெண் அதே வட்டியை வேறொன்றால் நிரப்பி அனுப்புகிறாள். கெளிற்று மீனுக்குப் பயறு; வரால் மீனுக்குப் பழைய வெண்ணெல். தலைவன் ஒழுக்கத்தைப் பற்றிப் பேச வந்த புலவர், போகிற போக்கிலே ஒரு பொருளாதாரத்தைப் படம் பிடித்துவிட்டார். மீனைப் பிடித்த குடும்பத்திற்கு வயல் இல்லை. வயல் உள்ள குடும்பத்திடம் மீன் இல்லை. இடையிலே நடந்து, இரு வீட்டு அடுப்பையும் இணைத்தவள் ஒரு பெண். அவள் தாழ்ந்தவள் என்றோ, அவள் வட்டி தீட்டு என்றோ அந்தக் காட்சியிலே குறிப்பில்லை. கொடுத்தாள், பெற்றாள், அவ்வளவுதான்.

பின்னே என்ன நடந்தது? பேரரசுகள் வந்தன. பெரிய ஏரிகள் வந்தன. கூடவே கணக்கும் வந்தது. சோழர் காலக் கல்வெட்டுகளிலே வரிகளின் நெடிய பட்டியலைக் காண்கிறோம். அதிலே ஒன்று பாசிப்பாட்டம். நீர்நிலையில் மீன் பிடிக்கும் உரிமைக்காகச் செலுத்திய வரி என்று அதற்குப் பொருள் கூறுவர் கல்வெட்டு அறிஞர். இன்றைக்கும் நம் ஊராட்சிகளிலே மீன்பாசிக் குத்தகை என்றுதான் ஏலம் கூறுகிறார்கள். ஆயிரம் ஆண்டு கடந்தும் அந்தச் சொல் அழியவில்லை; அந்தச் சுமையும் அழியவில்லை!

வரி வாங்கியது பிழை என்று நான் வாதிடவில்லை. ஏரியின் வருவாயை ஏரியின் பழுதுபார்ப்புக்கே செலவிட்ட ஊர்களும் உண்டு. அது நல்ல ஏற்பாடுதான். ஆனால் அந்த ஏற்பாட்டை முடிவு செய்தவர் யார்? காஞ்சிக்கு அப்பால் உள்ள உத்திரமேரூரைச் சான்றுக்கு எடுத்துக்கொள்வோம். முதலாம் பராந்தகன் காலத்தில், கி.பி. 919, 921 ஆகிய ஆண்டுகளில் பொறிக்கப்பட்ட கல்வெட்டுகள், குடவோலை முறையை விரிவாகச் சொல்கின்றன. அது கண்டு உலகமே வியக்கிறது, நாமும் வியக்கலாம். அங்கே ஏரியைக் காக்க ஏரி வாரியம் என்ற தனிக்குழு, ஆறு பேரோடு இயங்கியது. அந்தக் குழுவிலே அமரத் தகுதி என்ன? வரி கட்டும் கால் வேலி நிலம் வேண்டும். சொந்த மனையிலே வீடு வேண்டும். வயது 35-க்கு மேல் 70-க்குள் இருக்க வேண்டும். வேதப் பயிற்சி வேண்டும்.

நீரின் ஆழத்தை நெஞ்சளவு அறிந்தவனுக்கு நிலம் ஏது? மடையின் அடியிலே எந்த மீன் எந்தப் பருவத்திலே முட்டையிடும் என்று அறிந்தவனுக்கு வேதம் ஏது? அவனுக்கு அந்த அவையிலே இடமில்லை. ஏரியைப் பற்றிய முடிவு ஏரியிலே கால் நனைக்காதவர் கையிலே! இது உத்திரமேரூரின் கதை மட்டும் என்று எண்ண வேண்டா. நம் நாட்டு நீர்நிலைகளின் ஆட்சி முழுவதிலும் ஓடிய நரம்பு அது.

அதன்மேல் தீண்டாமை வந்து அமர்ந்தது. மீனைத் தொட்டவன் கை நாறும் என்றார்கள். புலால் உண்பவன் பிறப்பிலே தாழ்ந்தவன் என்றார்கள். ஆனால், கோயிலுக்கு எழுதிவைத்த கொடைகளிலே பாசிப்பாட்டமும் உண்டு. மீன் பிடித்தவன் வாசலுக்கு வெளியே. மீனுக்கு வாங்கிய வரி கருவறைக் கணக்கிலே! கை நாறியது, காசு மட்டும் நாறவில்லை. இந்தக் கணக்கைப் பகுத்தறிவுக்கு எந்தப் பண்டிதர் விளக்குவார்?

உள்நாட்டு நீரிலே மீன் பிடித்து வாழ்ந்த செம்படவர், தம் குலப்பெயருக்குச் சம்புவின் படவர், அதாவது சிவனுடைய படகோட்டிகள் என்று விளக்கம் கூறிக்கொண்டதாக, 1909-இல் வெளிவந்த எட்கர் தர்ஸ்டனின் குலங்களும் குடிகளும் பற்றிய தொகுப்பிலே காண்கிறோம். இதைப் படித்து அந்த மக்களை ஏளனம் செய்யக்கூடாது. நேர்மையாக உழைத்து உண்பவன், தன் தொழிலுக்குப் புராணத்திலிருந்து ஒரு நற்சான்று தேட வேண்டிய நிலைக்கு அவனைத் தள்ளியது எது என்று கேட்பதே முறை. உழைப்புக்கு மதிப்பிருந்திருந்தால், உமையொருபாகனிடம் போய் ஒப்பம் வாங்க வேண்டிய தேவை ஏன் வந்தது? குளத்து நீரைக் குடிக்கும் உரிமைக்கே 1927-ஆம் ஆண்டு மார்ச்சு 20-இல் மகாராட்டிரத்து மகாத் நகரில் டாக்டர் அம்பேத்கர் ஆயிரக்கணக்கானோரைத் திரட்ட வேண்டியிருந்தது. குடிநீருக்கே அந்நிலை என்றால், மீனுக்கு உரிமை பேச எவர் வாய் திறந்திருக்க முடியும்?

கோவைக் கலெக்டரும் கூட்டுறவும்

வெள்ளையர் ஆட்சி வந்தது. அவர்கள் வாசனை பார்க்கவில்லை; வருவாய் பார்த்தார்கள். குளத்து மீன் ஏலப் பொருளாயிற்று. அதிகம் கேட்டவனுக்குக் குத்தகை. அதிகம் கேட்கக்கூடியவன் எவன்? கையிலே பணம் உள்ளவன். அவனுக்கு வலை வீசத் தெரியாது. தெரிய வேண்டியதும் இல்லை. நேற்றுவரை தானே பிடித்துத் தானே விற்றவன், இன்று குத்தகைக்காரனுக்குக் கூலியாள் ஆனான். குளம் மாறவில்லை, மீன் மாறவில்லை, வலையும் மாறவில்லை. மீனின் சொந்தக்காரன் மாறிவிட்டான்!

1873-இல் பிரான்சிஸ் டே என்ற மருத்துவர், இந்தியாவிலும் பர்மாவிலும் உள்ள நன்னீர் மீன்வளத்தைப் பற்றி அரசுக்கு அறிக்கை எழுதினார். குஞ்சையும் குஞ்சு பொரிக்கும் தாயையும் வேறுபாடின்றி வாரி எடுப்பதால் மீன்வளம் தேய்கிறது என்பது அவர் கவலை. 1897-இல் இந்திய மீன்வளச் சட்டம் பிறந்தது. வெடி வைத்து மீனைக் கொல்வது குற்றம். மீனைப் பிடிக்கவோ கொல்லவோ கருதி நீரிலே நஞ்சிடுவது குற்றம். தண்டனை இரண்டு மாதம்வரை சிறை, அல்லது 200 ரூபாய்வரை தண்டம் என்றது அச்சட்டம். அதிலுள்ள 'கருதி' என்ற சொல்லை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். பின்னே அது நமக்குத் தேவைப்படும்.

இந்த இடத்திலே நம் கொங்கு நாட்டோடு தொடர்புள்ள ஒருவரைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். பிரடரிக் நிக்கல்சன் என்பது அவர் பெயர். கோவை மாவட்டத்திலே பணியாற்றி, 1887-இல் கோவை மாவட்டக் கையேட்டை எழுதியவர். புன்செய் உழவனின் வறட்சியையும், அவன் கழுத்தை நெரிக்கும் கடனையும் கண்டவர். பின்னர் வேளாண் வங்கிகளைப் பற்றி ஆராயுமாறு சென்னை அரசு அவரைப் பணித்தது. ஐரோப்பிய நாடுகளின் அனுபவத்தை ஆராய்ந்து 1895-இலும் 1897-இலும் இரு பகுதிகளாக அறிக்கை தந்தார். செருமனி நாட்டிலே ரைபைசன் என்பவர் எளிய உழவரைக் கொண்டு தொடங்கிய கூட்டுறவுக் கடன் சங்கமே நமக்கும் வழி என்பது அவர் முடிவு. 1904-இல் இந்தியக் கூட்டுறவுக் கடன் சங்கச் சட்டம் வந்ததற்கு அவர் அறிக்கையும் ஒரு காரணம்.

அதே நிக்கல்சன்தான் அடுத்த ஆண்டே மீன்வளத் துறையைத் தொடங்கும் பொறுப்பை ஏற்றார். 1907-இல் சென்னை மாகாண மீன்வளப் பணியகம் உருவாயிற்று. கூட்டுறவு, மீன்வளம் என்ற இரு துறைகளுக்கும் நம் மாகாணத்திலே முதல் கல் நாட்டியவர் ஒருவரே! ஏழையின் கடனைப் பற்றி எண்ணியவரே ஏழையின் வலையைப் பற்றியும் எண்ண நேர்ந்தது. இது தற்செயல் என்று நான் கருதவில்லை. வட்டிக்காரன் பிடியிலிருந்து உழவனை விடுவிக்கும் கருவி எதுவோ, குத்தகைக்காரன் பிடியிலிருந்து மீனவனை விடுவிக்கும் கருவியும் அதுவே. தனி ஆள் ஏலம் கேட்க முடியாது. நூறு பேர் சேர்ந்தால் கேட்க முடியும். உள்நாட்டு மீனவர் கூட்டுறவுச் சங்கம் என்பதன் உட்பொருள் இவ்வளவுதான். இன்று கோவைக் குளங்களிலே பரிசலோட்டி மீன் பிடிப்போரில் பலர் அத்தகைய சங்கத்தின் உறுப்பினர்களே.

அணையும் அறிவியலும்

நூற்றாண்டு நடுவிலே புதிய நீர்ப்பரப்புகள் தோன்றின. 1934-இல் மேட்டூர் அணை. 1948-இல் தொடங்கி 1955-இல் நிறைவேறிய பவானிசாகர். 1950-களின் இறுதியிலே அமராவதி. பரம்பிக்குளம்-ஆழியாறு திட்டத்திலே 1962-இல் ஆழியாறு. அணைக்காக ஊர்கள் நீரிலே மூழ்கின. பவானிசாகர் நீரிலே தணாயக்கன் கோட்டை மறைந்தது. புஞ்சைக்குப் பாசனம் வந்தது என்று மகிழ்ந்தோம், மகிழ வேண்டியதுதான். அந்த நீரிலே மீனும் வளர்ந்தது; மீனை நம்பிக் குடும்பங்களும் வளர்ந்தன.

கெண்டை இனங்களான கட்லாவும் ரோகுவும் தேங்கிய நீரிலே முட்டையிடுவதில்லை. ஓடும் வெள்ளம் வேண்டும் அவற்றிற்கு. ஆகவே குஞ்சு வேண்டுமென்றால் ஆற்றிலே அலைந்து திரட்ட வேண்டும்; எது எந்த மீனின் குஞ்சு என்று தெரியாது. 1957-ஆம் ஆண்டு சூலை 10-இல், ஒடிசாவிலே ஹீராலால் சௌதுரி என்ற அறிஞர், மீனின் மூளையடிச் சுரப்பியின் சாற்றை ஊசி மூலம் செலுத்திக் கெண்டையைக் குளத்திலேயே முட்டையிடச் செய்தார். எந்த வருண பகவானும் செய்யாத வேலையை ஓர் ஊசி செய்தது! அன்றிலிருந்துதான் சிற்றூர்க் குளத்திற்கும் தரமான மீன்குஞ்சு கிட்டும் நிலை வந்தது.

ஆழியாற்றிலே நடந்தது இன்னும் தெளிவான பாடம். அந்த நீர்த்தேக்கத்திலே ஓர் எக்டேருக்கு ஆண்டுக்கு ஏறத்தாழ 26 கிலோ மீன் கிடைத்துவந்தது. 1980-களின் பிற்பகுதியிலே மத்திய உள்நாட்டு மீன்வள ஆய்வு நிறுவனத்தின் அறிவுரைப்படி, விரல் நீளத்திற்கு மேல் வளர்ந்த குஞ்சுகளை மட்டும் விட்டார்கள். ஒரே நாளிலே கொட்டாமல் பகுதி பகுதியாக விட்டார்கள். வளராத மீனைப் பிடிப்பதைத் தடுத்தார்கள். விளைச்சல் 190 கிலோவைத் தாண்டியது. அதே நீர், அதே மழை, பூசை எதுவும் கூடவில்லை. கூடியது அறிவு ஒன்றே.

1952-இல் வெளிநாட்டிலிருந்து மண்டபத்திற்கு வந்து சேர்ந்த திலாப்பியா, நம் மக்கள் வாயிலே ஜிலேபி ஆயிற்று. தாய் மீன் முட்டையை வாயிலே அடைகாக்கும். அழுக்கு நீரையும் தாங்கும். மற்ற மீனை ஒடுக்கிப் பெருகுவதால் அறிஞர் சிலர் அதை வெறுக்கிறார்கள். அவர்கள் கவலையிலே உண்மை உண்டு. ஆனால் கோவைக் குளங்களிலே விராலும் கெளுத்தியும் அருகிய பின்னும் வலையை வெறுமையாக விடாதது இந்த ஜிலேபிதான். உயர்ந்த மீன் ஓடிவிட்ட குளத்திலே, ஏழைக்குத் துணை நின்றது ஏளனம் செய்யப்பட்ட மீன்!

அயல்நாடு சொல்லும் பாடம்

குளத்து மீன் அரசின் கொள்கையால் வாழவும் கூடும், வீழவும் கூடும். அண்டை நாடான இலங்கையைப் பாருங்கள். அங்கும் 1950-களிலே பழைய பாசனக் குளங்களிலே திலாப்பியாவை விட்டார்கள். வறண்ட மாவட்டங்களிலே ஆயிரக்கணக்கான குடும்பங்களுக்கு அது தொழிலாயிற்று, உணவாயிற்று. 1990-இல் அரசு திடீரென்று உள்நாட்டு மீன்வளத்திற்குத் தந்த ஆதரவை நிறுத்திவிட்டது. காரணம் என்ன தெரியுமா? உயிர்க்கொலைக்கு அரசு துணை போகலாகாது என்ற சமய நெருக்குதல். குஞ்சு விடும் பணி நின்றது, விளைச்சல் சரிந்தது. 1994-இல் மீண்டும் ஆதரவு தர வேண்டியதாயிற்று. போரிலே மனித உயிர் போய்க்கொண்டிருந்த அந்த ஆண்டுகளிலே, மீனின் உயிருக்காக ஏழையின் சட்டியைக் கவிழ்த்தார்கள்! மதம் அடுப்பங்கரைக்குள் நுழைந்தால் முதலில் அணைவது ஏழையின் அடுப்பே.

கம்போடியாவைப் பாருங்கள். அங்கே டோன்லே சாப் என்னும் பேரேரி. பிரெஞ்சு ஆட்சிக் காலத்திலிருந்து அந்த ஏரியைப் பெரும் பெரும் பகுதிகளாகப் பிரித்து, பணம் படைத்தோருக்குக் குத்தகை விட்டார்கள். கரையிலே வாழ்ந்த மக்கள் தம் வீட்டு வாசலிலே மீன் பிடித்தாலும் திருடர் எனப்பட்டார்கள். நூறாண்டுக்கு மேல் நீடித்த அந்தக் குத்தகைப் பகுதிகள் அனைத்தையும் 2012-இல் அந்நாட்டு அரசு ஒழித்தது. மக்கள் குழுக்களுக்கும் மீன் காப்பிடங்களுக்கும் அவற்றை ஒதுக்கியது. குறைகள் அங்கே இன்னும் உண்டு. ஆயினும், ஏலம் என்பது இயற்கை விதி அன்று, மனிதன் வைத்த முறைதான். மனிதனால் மாற்ற முடியும் என்பதற்கு அது சான்று.

இன்றைய குத்தகைக்காரன்

மீண்டும் நம் நொய்யலுக்கு வருவோம். இன்று மீனவனின் பங்கைப் பறிப்பவன் குத்தகைக்காரன் மட்டும் அல்லன். அவனைவிடப் பெரியவன் ஒருவன் வந்துவிட்டான். கழிவுநீர் என்பது அவன் பெயர். ஏலம் கேட்காமலே, ஒரு காசு கட்டாமலே, குளம் முழுவதையும் அவன் குத்தகைக்கு எடுத்துக்கொண்டான்!

சில காலைகளிலே குளத்து மீன் ஆயிரக்கணக்கிலே செத்து மிதக்கும். ஊரிலே சிலர் தெய்வக் குற்றம் என்பார்கள். தெய்வம் பாவம், அதன்மேல் ஏன் பழி? சாக்கடை நீரிலே உள்ள அழுக்கை நுண்ணுயிர்கள் சிதைக்கும்போது நீரிலே கரைந்துள்ள உயிர்க்காற்றைக் குடித்துவிடுகின்றன. பகலிலே பாசி ஒளியைக் கொண்டு உயிர்க்காற்றை வெளியிடும். இரவிலே அந்தப் பாசியும் அதையே உள்ளிழுக்கும். ஆகவே விடியுமுன் நீரிலே உயிர்க்காற்று மிகவும் குறைந்துவிடுகிறது. மீன் மூச்சுத் திணறி மேலே வந்து வாயைத் திறந்து திறந்து மூடிச் சாகிறது. நீரை மூடிப் படர்ந்த ஆகாயத்தாமரை ஒளியைத் தடுத்து நிலையை இன்னும் மோசமாக்குகிறது. பரிசல் செல்லும் வழியையும் அடைக்கிறது. மீன் செத்த காலை, சங்கத்து உறுப்பினனுக்கு வெறும் துர்நாற்றம் அன்று. விட்ட குஞ்சின் விலையும் வரப்போகும் மாதங்களின் கூலியும் அங்கே மிதக்கின்றன.

நொய்யலின் கீழ்ப்பகுதியிலே 1992-இல் திறக்கப்பட்ட ஒரத்துப்பாளையம் அணையின் கதை அனைவரும் அறிந்தது. உழவுக்கென்று கட்டிய அணை, திருப்பூர்ச் சாயக் கழிவின் தொட்டியாயிற்று. உழவரும் மக்களும் நீதிமன்றப் படியேறிப் போராடி, 2011 சனவரியிலே விதிமீறிய சாய ஆலைகளை மூட உயர்நீதிமன்றம் ஆணையிடும் நிலை வந்தது. இப்போது அந்த 1897-ஆம் ஆண்டுச் சட்டத்தை நினைவுகூருங்கள். மீனைக் கொல்லக் 'கருதி' நஞ்சிட்டால் குற்றம். ஒரு கைப்பிடி நஞ்சைக் கலக்கும் ஏழை, கருதிச் செய்கிறான், அவனுக்குச் சிறை. ஆற்றையே நஞ்சாக்கும் ஆலையோ மீனைக் கருதவே இல்லை! 1974-இல் நீர் மாசுத் தடுப்புச் சட்டம் வந்தபின் அந்த ஓட்டை அடைபட்டது என்பார்கள். ஏட்டிலே அடைபட்டது; மதகிலே அடைபட்டதா?

மற்றொன்றும் சொல்ல வேண்டும். நகரத்துக் குளங்களை அழகுபடுத்துகிறார்கள். கரையிலே நடைபாதை, வண்ண விளக்கு, மிதக்கும் மேடை எல்லாம் அமைகின்றன. மக்கள் மாலையிலே குடும்பத்தோடு வந்து காற்று வாங்கட்டும். அதை நாம் எதிர்க்கவில்லை. ஆனால், அழகுக்குத் திட்டம் தீட்டும் அவையிலே பரிசல்காரனுக்கு ஓர் இருக்கை உண்டா? அவன் வலை உலர்த்தும் இடம் எது, அவன் மனைவி மீன் விற்கும் கரை எது, மீன் முட்டையிடும் நாணற்புதர் எது என்று கேட்டுவிட்டுக் கல் பதித்தார்களா? கேட்கவில்லையென்றால், உத்திரமேரூரின் ஏரி வாரியத்திற்கும் இந்த அவைக்கும் என்ன வேற்றுமை? அன்று கால் வேலி நிலம் கேட்டார்கள். இன்று வேறு தகுதி கேட்கிறார்கள். வெளியே நிற்பவன் மட்டும் அதே ஆள்!

ஆகவே நம் கோரிக்கை எளியது. மீன் பிடிப்பவர் சங்கத்திற்கே குளத்தின் மீன் உரிமை; சங்கம் உள்ள இடத்திலே பணக்காரனோடு ஏலப் போட்டி கூடாது. சங்கத்திலே பெண்ணுக்கும் உறுப்பினர் உரிமை. விற்பவளும் துடுப்புப் போடுபவளும் மீனவர்தாம். குளத்தைப் பற்றிய எந்தக் குழுவிலும் குளத்திலே இறங்குபவருக்கு இடம். குளத்திலே விழும் ஒவ்வொரு சாக்கடைக்கும் முதலில் சுத்திகரிப்பு, பிறகு வண்ண விளக்கு.

இளைஞர்களே! உங்கள் ஊர்ப் படிப்பகத்திலே அரசியல் பேசுகிறீர்கள், இலக்கியம் பேசுகிறீர்கள், நன்று. அடுத்த முறை கூடும்போது ஒரு கேள்வியையும் சேர்த்துக்கொள்ளுங்கள். நம் ஊர்க் குளத்தின் மீன்பாசிக் குத்தகை இந்த ஆண்டு யார் பெயரிலே இருக்கிறது? அந்தப் பெயருக்கு உரியவன் நீந்தத் தெரிந்தவன்தானா? ஊராட்சி அலுவலகத்திலே சென்று கேளுங்கள். கிராம சபையிலே எழுந்து கேளுங்கள். கரைக்குச் சென்று வலை உலர்த்துபவரிடம் கேளுங்கள். இரண்டு விடையும் ஒன்றாக இருந்தால் மகிழுங்கள். வேறு வேறாக இருந்தால், உங்களுக்கு வேலை இருக்கிறது!